கல்லூரியில் ஃபுட்பால், கையில் பேஸ்பால் ஒப்பந்தம்: இது எப்படி நடக்கிறது, யாருக்கு இலாபம்?

என்னிடம் வந்த கேள்வி இது. அமெரிக்காவில் கல்லூரி அணிக்கு ஃபுட்பால் ஆடும் ஒரு மாணவர், தொழில்முறை பேஸ்பால் அணி ஒன்றிடம் இலட்சக்கணக்கான டாலர் வாங்கி ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டு, மறுபடி அதே கல்லூரிக்கு வந்து ஃபுட்பால் ஆடுகிறாரே, இது எப்படிச் செல்லும்? பணம் கொடுத்த அணி எப்படிப் பொறுத்துக்கொள்கிறது? கடைசியில் ஆட்டக்காரருக்கு இது இலாபமா, நட்டமா?

செல்லும், விதியிலேயே இடம் இருக்கிறது. அணி பொறுத்துக்கொள்வதற்கும் காரணம் உண்டு. கையெழுத்தின்போது அது விலை கொடுத்து வாங்குவது ஓர் உரிமையை மட்டும்தான்: நீ பேஸ்பால் ஆடினால் எங்களுக்கே ஆட வேண்டும் என்ற உரிமை. ஆடியே தீர வேண்டும் என்று யாரும் அவரைக் கட்டிவைக்க முடியாது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும். இலாப நட்டக் கணக்குதான் சிக்கல். அதில் பணத்தைவிட வயதுதான் பெரிய விஷயம் என்பது என் கருத்து. (இங்கே ஃபுட்பால் என்று எழுதுவதெல்லாம் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஆடும் அமெரிக்கன் ஃபுட்பாலைத்தான்.)

முதலில் விதி. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு, ஓர் ஆட்டத்தில் காசு வாங்கியவர் எந்த ஆட்டத்திலும் மாணவ வீரராக இருக்க முடியாது என்றே நெடுங்காலம் வைத்திருந்தது. 1974-இல் அதை மாற்றினார்கள். ஓர் ஆட்டத்தில் தொழில்முறை வீரரானவர் வேறோர் ஆட்டத்தில் கல்லூரிக்காக ஆடலாம் என்று ஆயிற்று. ஆகவே, பேஸ்பால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் கல்லூரி பேஸ்பாலுக்குத் திரும்ப முடியாது, ஃபுட்பாலுக்குத் திரும்பலாம். நம் கேள்விக்குள் வரும் ஒப்பந்தங்கள் எல்லாம் இந்த ஒரு வாசல் வழியாகத்தான் நடக்கின்றன.

அந்தப் பழைய மனப்பான்மை எவ்வளவு கொடுமையாக இருந்தது என்பதற்கு ஜிம் தோர்ப் ஒருவர் போதும். அமெரிக்கப் பழங்குடி மாணவர்களுக்கான கார்லைல் பள்ளியின் ஃபுட்பால் நட்சத்திரம் அவர். 1909, 1910 கோடைக்காலங்களில் வட கரோலினாவின் ராக்கி மவுண்ட் என்ற ஊரில் சொற்பக் கூலிக்கு மைனர் லீக் பேஸ்பால் (உச்ச மட்டமான மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள தொழில்முறைத் தட்டுகள்) ஆடினார். அந்தக் காலத்தில் கல்லூரிப் பையன்கள் பலர் பொய்ப்பெயரில் இப்படி ஆடிக் காசு பார்த்தார்கள். தோர்ப் சொந்தப் பெயரிலேயே ஆடினார். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் என்ற இரண்டு தடகளப் போட்டிகளிலும் தங்கம் வென்றார். அடுத்த வருடமே அந்தக் கோடைக்கால பேஸ்பால் கூலியைக் காரணம் காட்டிப் பதக்கங்களைப் பறித்துவிட்டார்கள். ஒலிம்பிக் குழு மனம் மாறியது 1982-இல்; அதற்குள் அவர் இறந்து கிட்டத்தட்ட முப்பது வருடம் ஆகியிருந்தது. அப்போதும் இன்னொருவரோடு பகிர்ந்த வெற்றி என்றே பதிந்தார்கள். அவர் ஒருவரே வெற்றியாளர் என்று ஏற்றுக்கொண்டது 2022-இல். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அவர் ஆடிய பேஸ்பாலுக்கும் ஓடிய ஓட்டத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

சரி, இப்போது டிராஃப்ட், அதாவது தொழில்முறை அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை. ஐபிஎல் ஏலத்தில் அதிக விலை சொல்லும் அணிக்கு வீரர் போவார். டிராஃப்டில் ஏலமே கிடையாது. அணிகள் வரிசையில் வந்து ஆளுக்கொரு பெயரைச் சொல்லும், அது ஒரு சுற்று. சொல்லிய அணியிடம் மட்டும்தான் அவர் பேச முடியும். நம் விஷயத்தில் முக்கியமானது வயது வேறுபாடு. தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல், பள்ளி முடித்து மூன்று வருடம் ஆகாதவரை யாரையும் எடுக்காது. பேஸ்பால் அப்படி அல்ல. பள்ளி முடித்த உடனேயே எடுக்கும். நான்கு வருடக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால், மூன்றாம் ஆண்டு முடிந்ததும் அல்லது 21 வயது ஆனதும் மறுபடி எடுக்கலாம். அதாவது இரண்டு ஆட்டமும் தெரிந்த 18 வயதுப் பையனிடம் முதலில் காசோடு வந்து நிற்பது பேஸ்பால்தான். ஃபுட்பால் அந்த வயதில் அவனுக்குத் தரக்கூடியதாக வெகுகாலம் இருந்தது ஸ்காலர்ஷிப் மட்டும்.

அந்த ஸ்காலர்ஷிப்பிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வெகுகாலம் பெரிய கல்லூரிகளில் ஃபுட்பால் அணிக்கு 85 முழு ஸ்காலர்ஷிப் இருந்தது. பேஸ்பால் அணி முழுவதற்கும் சேர்த்து 11.7 மட்டும், அதையும் துண்டு துண்டாகப் பங்கு போட வேண்டியிருந்தது. இரண்டும் ஆடும் மாணவர் ஃபுட்பால் கணக்கில்தான் எண்ணப்பட்டார். எனவே நல்ல கை உள்ள ஏழை வீட்டுப் பையனுக்கு, பேஸ்பாலே உயிர் என்றாலும், ஃபுட்பால் வழியாகக் கல்லூரிக்குப் போவதே செலவில்லாத வழியாக இருந்தது. 2025-26 கல்வியாண்டில் இந்த எண்ணிக்கை முறை போய் அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பு வந்திருக்கிறது. ஆனால் நாம் பார்க்கப் போகும் பெயர்கள் எல்லாம் பழைய முறையில் வந்தவை.

ஒப்பந்தத்தில் என்ன இருக்கும்? கையெழுத்துக்கு ஒரு தொகை, அதுதான் சைனிங் போனஸ். அப்புறம் மைனர் லீக்கில் ஆடும் காலத்துக்குச் சம்பளம். பல நேரம் பின்னால் கல்லூரிப் படிப்புச் செலவை ஏற்பதற்கான உறுதியும் இருக்கும். பேஸ்பாலின் வழக்கமான ஒப்பந்தப் படிவத்தில், அணியின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் ஃபுட்பால் போன்ற ஆபத்தான ஆட்டங்களை ஆடக்கூடாது என்று இருக்கும். கல்லூரி ஃபுட்பால்காரருக்கு அந்தச் சம்மதத்தைத் தனியாக எழுதிக் கொடுப்பார்கள். ஆட்டக்காரர் பேஸ்பாலை விட்டுவிட்டுப் போனால், அவர் பெயரை ரெஸ்ட்ரிக்டட் லிஸ்ட் என்ற பட்டியலில் போட்டுவைப்பார்கள். சம்பளம் நின்றுவிடும், உரிமை நிற்காது.

அந்த உரிமை எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்பதற்கு ரஸ்ஸல் வில்சன். வட கரோலினா ஸ்டேட் கல்லூரியின் குவாட்டர்பேக் (ஃபுட்பாலில் பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்). 2010-இல் கொலராடோ ராக்கீஸ் பேஸ்பால் அணி நான்காவது சுற்றில் எடுத்தது. 2 இலட்சம் டாலர் போனஸ். இரண்டு கோடைக்காலம் மைனர் லீக்கில் 93 ஆட்டங்கள் ஆடினார், அடித்த சராசரி (மட்டை பிடித்த முறைகளில் பந்தை அடித்துத் தளம் சேர்ந்த ‘ஹிட்’களின் பங்கு) .229. அங்கே .300 என்றால் சிறப்பு, .229 என்றால் திண்டாட்டம். அவர் பேஸ்பாலுக்கு நேரம் கொடுத்ததில் ஃபுட்பால் பயிற்சியாளருக்கு வருத்தம், அவரை அணியிலிருந்து விடுவித்துவிட்டார்கள். விஸ்கான்சின் கல்லூரிக்குப் போய் ஒரு வருடம் ஆடி, 2012-இல் என்எஃப்எல் அணியான சியாட்டில் சீஹாக்ஸுக்கு மூன்றாவது சுற்றில் போனார். 2014 பிப்ரவரியில் என்எஃப்எல் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வென்றார். ஆனால் அதற்குச் சில வாரங்கள் முன்பு, 2013 டிசம்பரில், டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அவருடைய பேஸ்பால் உரிமையை ராக்கீஸிடமிருந்து எடுத்துக்கொண்டது. 2018-இல் அது நியூயார்க் யாங்கீஸிடம் கை மாறியது. என்எஃப்எல் நட்சத்திரமான பிறகும் வசந்தகாலப் பயிற்சி முகாமுக்கு வந்து யாங்கீஸ் சீருடையில் ஒருமுறை மட்டை பிடித்துவிட்டுப் போனார்.

இந்த ஒப்பந்தத்தைக் கூர்மையான ஆயுதமாக்கியவர் ஜான் எல்வே. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குவாட்டர்பேக். யாங்கீஸ் 1981-இல் இரண்டாவது சுற்றில் எடுத்துச் சுமார் 1,40,000 டாலர் கொடுத்தது. 1982 கோடையில் நியூயார்க் மாநிலத்தின் ஒனியாண்டா என்ற சின்ன ஊரில் 42 ஆட்டங்கள் ஆடி .318 அடித்தார். இது விளையாட்டாகப் போய்வந்தவனின் எண் அல்ல. பிறகு ஸ்டான்ஃபோர்டு திரும்பிக் கடைசி ஃபுட்பால் சீசனை ஆடினார். 1983 டிராஃப்டில் பால்டிமோர் கோல்ட்ஸ் முதல் ஆளாக அவரை எடுத்தது. அங்கே ஆட மாட்டேன் என்றார். டிராஃப்டில் எடுக்கப்பட்டவர் இப்படிச் சொன்னால் பொதுவாக வீட்டில் உட்கார வேண்டியதுதான். எல்வேயால் யாங்கீஸுக்குப் போகிறேன் என்று சொல்ல முடிந்தது. ஒனியாண்டாவில் அடித்த எண்கள் அந்தப் பேச்சை நம்பவைத்தன. ஒரு வாரத்துக்குள் கோல்ட்ஸ் அவரை டென்வர் ப்ராங்கோஸுக்கு மாற்றிக் கொடுத்தது. யாங்கீஸ் கொடுத்த போனஸின் முழுப் பயனையும் அனுபவித்தது டென்வர் நகரம். 16 சீசன், இரண்டு சூப்பர் பவுல்.

பேஸ்பால் அணிகளுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தும் ஏன் எடுக்கிறார்கள் என்றால், எதிர்ப்பக்கத்துக் கதைகளும் இருப்பதால்தான். கிர்க் கிப்சன் மிச்சிகன் ஸ்டேட் கல்லூரியின் வைட் ரிசீவர் (குவாட்டர்பேக் வீசும் பந்தை ஓடிப் பிடிப்பவர்). ஃபுட்பால் பயிற்சியாளர் சொல்லித்தான் 1978-இல் கல்லூரி பேஸ்பால் ஆடிப் பார்த்தார். அந்த ஒரு சீசனைப் பார்த்தே டெட்ராய்ட் டைகர்ஸ் முதல் சுற்றில், 12-ஆவது ஆளாக எடுத்தது. கோடையில் ஃப்ளோரிடாவின் லேக்லாண்டில் மைனர் லீக் ஆடிவிட்டு, டைகர்ஸ் சம்மதத்தோடு கடைசி வருட ஃபுட்பாலையும் முடித்தார். அதன் பிறகு ஃபுட்பால் பக்கமே திரும்பவில்லை. 1988-இல் மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் சிறந்த வீரர் விருது. அதே வருடம் பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் முதல் ஆட்டத்தில், இரண்டு காலும் ஒத்துழைக்காத நிலையில் கடைசி வாய்ப்பில் இறங்கி அவர் அடித்த ஹோம் ரன், பேஸ்பால் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

ஜெஃப் சமார்ஜா கதை இன்னும் பாடமானது. நோட்டர் டேம் கல்லூரியின் வைட் ரிசீவர். என்எஃப்எல் முதல் சுற்றில் போவார் என்று பேசப்பட்டவர். பேஸ்பாலில் பிட்சர், அதாவது பந்து வீசுபவர். 2006-இல் சிகாகோ கப்ஸ் ஐந்தாவது சுற்றில் எடுத்து, முதலில் இரண்டரை இலட்சம் டாலர் கொடுத்துக் கோடையில் ஆடவைத்து, ஃபுட்பால் சீசனுக்கு அனுப்பிவைத்தது. என்எஃப்எல் டிராஃப்ட் நெருங்கும் நேரத்தில், 2007 ஜனவரியில், ஐந்து வருடத்துக்கு 1 கோடி டாலர் என்று புது ஒப்பந்தம் நீட்டியது. அவர் ஃபுட்பாலை விட்டார். ஐந்தாவது சுற்று ஆளுக்கு அது யாரும் கேள்விப்படாத தொகை. 2015 டிசம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுடன் அவர் போட்ட ஒப்பந்தம் ஐந்து வருடம், 9 கோடி டாலர். 2020 வரை மேஜர் லீக்கில் பந்து வீசினார். என்எஃப்எல்லில் வைட் ரிசீவர்கள் பலர் சில வருடத்திலேயே அடிபட்டு ஒதுங்கிவிடுவார்கள். பேஸ்பால் ஒப்பந்தத் தொகை முழுவதும் உத்தரவாதமானது. என்எஃப்எல் ஒப்பந்தங்களில் பெரும்பகுதிக்கு அந்த உத்தரவாதம் இல்லை. சமார்ஜா கணக்குப் போட்டுத்தான் முடிவெடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

இனி கைலர் மரே. இந்த விஷயத்தில் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. ஓக்லஹோமா பல்கலைக்கழகம். 2017-இல் பேக்கர் மேஃபீல்டுக்குப் பின்னால் இரண்டாம் குவாட்டர்பேக்காக உட்கார்ந்திருந்தவர். 2018 வசந்தத்தில் கல்லூரி பேஸ்பாலில் அவுட்ஃபீல்டராக ஆடி 10 ஹோம் ரன், சராசரி .296. உயரம் ஐந்தடி பத்து அங்குலம். அந்த உயரத்தில் ஒரு குவாட்டர்பேக்கை என்எஃப்எல் முதல் சுற்றில் எடுக்காது என்பதே அன்றைய பொது நம்பிக்கை. ஓக்லண்ட் ஏஸ் அணியும் அதை நம்பியது. ஜூன் மாதம் 9-ஆவது ஆளாக எடுத்து 46.6 இலட்சம் டாலர் போனஸுக்கு ஒப்புக்கொண்டது, 2018 ஃபுட்பால் சீசன் ஆடிக்கொள்ளலாம் என்ற சம்மதத்தோடு.

அந்த ஒரு சீசனில் எல்லாம் தலைகீழானது. மேஃபீல்டு போய்விட்டார், மரே முதல் குவாட்டர்பேக் ஆனார், 42 டச்டவுன் பாஸ் வீசினார், டிசம்பரில் கல்லூரி ஃபுட்பாலின் உச்ச விருதான ஹைஸ்மன் டிராஃபி வாங்கினார். ஜனவரியில் ஏஸ் அதிகாரிகள் டெக்சாஸ் வரை போய்ப் பேசிப் பார்த்தார்கள். பிப்ரவரி 11-ஆம் தேதி ஃபுட்பால்தான் என்று அறிவித்துவிட்டார். அதற்குள் கையில் வாங்கியிருந்தது 15 இலட்சம் டாலர். அதில் 12.9 இலட்சத்தைத் திருப்பிக் கொடுத்தார். வரவேண்டிய மீதி 31.6 இலட்சமும் கைவிட்டுப் போனது. ஏப்ரலில் அரிசோனா கார்டினல்ஸ் அவரை என்எஃப்எல் டிராஃப்டின் முதல் ஆளாக எடுத்தது. நான்கு வருடத்துக்குச் சுமார் 3.5 கோடி டாலர், அதில் கையெழுத்துத் தொகை மட்டும் 2.36 கோடி. இரண்டு ஆட்டத்தின் டிராஃப்டிலும் முதல் சுற்றில் எடுக்கப்பட்ட முதல் மனிதர் அவர்தான்.

ஏஸ் ஏமாந்ததாகப் பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜூன் 2018-இல் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் நியாயமான கணிப்பு. பணத்தில் அவர்கள் இழந்தது சுமார் 2.1 இலட்சம் டாலர் மட்டும். ஈடு செய்ய முடியாதது அந்த 9-ஆவது இடம். கையெழுத்து போடாமல் போன ஆளுக்குப் பதிலாக அடுத்த வருடம் ஓர் இடம் கொடுப்பார்கள். கையெழுத்து போட்டுவிட்டுப் போனவருக்கு எதுவும் கிடைக்காது. அணிகளின் உண்மையான பயம் இதுதான். 2012 முதல் டிராஃப்டின் முதல் பத்துச் சுற்றில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மதிப்பு குறித்து, மொத்தச் செலவுக்கு வரம்பும் வைத்திருக்கிறார்கள். அளவுக்கு மீறினால் அடுத்த வருட முதல் சுற்று இடமே பறிபோகும். அதனால் ஃபுட்பால் பையனை இழுக்கக் கூடுதல் பணம் வேண்டுமென்றால், அதே வருடம் எடுத்த இன்னொருவரிடம் மிச்சம் பிடித்தாக வேண்டும். அதற்கு முன்பு இவ்வளவு நெருக்கடி இல்லை. 2011-இல் நெப்ராஸ்காவில் குவாட்டர்பேக் ஆகவிருந்த பப்பா ஸ்டார்லிங்குக்கு கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் 75 இலட்சம் டாலரை மூன்று வருடத்துக்குப் பிரித்துக் கொடுக்க முடிந்தது.

இனி வயதுக்கு வருகிறேன். பேஸ்பாலில் பந்தை அடிப்பது உடல் வலுவாலும் வேகத்தாலும் மட்டும் வருவதில்லை. ஆயிரக்கணக்கான பந்துகளைப் பார்த்துப் பார்த்துத்தான் கண் தேறும். ஷாக் தாம்ப்சனைப் பாருங்கள். 2012-இல் பள்ளி முடித்த கையோடு பாஸ்டன் ரெட் சாக்ஸ் 18-ஆவது சுற்றில் எடுத்தது. அந்தக் கோடையில், மைனர் லீக்கின் அடிமட்டத்தில், 39 முறை மட்டை பிடித்து ஒருமுறைகூட ஹிட் இல்லை. அதில் 37 முறை ஸ்டிரைக் அவுட், அதாவது பந்தை ஆட்டத்துக்குள் அடிக்காமலே ஆட்டமிழப்பு. அதே மனிதர் வாஷிங்டன் கல்லூரிக்குப் போய் ஃபுட்பால் ஆடி, 2015-இல் என்எஃப்எல் முதல் சுற்றில் கரோலினா பாந்தர்ஸுக்குப் போனார். அபாரமான உடல். ஆனாலும் பந்தைத் தொட முடியவில்லை. 18 முதல் 22 வயதுவரை வருடத்துக்கு ஆறு வாரம் மட்டும் மட்டை பிடிப்பவர், வருடம் முழுக்கப் பிடிப்பவரோடு போட்டி போடுவது எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள். பிட்சர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. சமார்ஜா தப்பித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ட்ரூ ஹென்சன் இரண்டு பக்கமும் இழந்தவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், பின்னாளில் என்எஃப்எல் நட்சத்திரமான டாம் பிரேடியின் இடத்தையே பங்கு கேட்ட குவாட்டர்பேக். யாங்கீஸ் 1998-இல் மூன்றாவது சுற்றில் எடுத்து 20 இலட்சம் டாலர் கொடுத்தது. கோடையில் பேஸ்பால், பிறகு ஃபுட்பால் என்று மூன்று வருடம் ஓடியது. 2001-இல் ஆறு வருடத்துக்கு 1.7 கோடி டாலர் என்றதும் கல்லூரியின் கடைசி ஃபுட்பால் வருடத்தைத் துறந்து முழுநேரமாக பேஸ்பாலுக்கு வந்தார். மேஜர் லீக்கில் அவர் ஆடியது 8 ஆட்டம், அடித்தது ஒரே ஹிட். 2004-இல் பாக்கி இருந்த 1.2 கோடியை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு என்எஃப்எல்லுக்குப் போனார். அங்கும் ஒரே ஓர் ஆட்டத்தைத்தான் முதல் குவாட்டர்பேக்காகத் தொடங்கினார். திறமையில் குறை சொல்ல இடமே இல்லாத ஆள். மட்டையோடு இருக்க வேண்டிய வருடங்களில் பாதி ஃபுட்பாலுக்குப் போனது. ஃபுட்பாலோடு இருக்க வேண்டிய மூன்று வருடம் மட்டைக்குப் போனது. அவ்வளவு பெரிய தொகையைத் தானே விட்டுக்கொடுத்தவர் என்பதால் அவர்மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

பேஸ்பாலை முதலில் முடித்துவிட்டு ஃபுட்பாலுக்கு வந்தவர்களுக்கும் வயதுதான் குறுக்கே நின்றது. கிறிஸ் வின்கியை டொராண்டோ ப்ளூ ஜேஸ் 1990-இல் எடுத்தது. ஆறு வருடம் மைனர் லீக். என்றைக்கு வந்தாலும் இடம் உண்டு என்று ஃப்ளோரிடா ஸ்டேட் பயிற்சியாளர் பாபி பவ்டன் சொல்லியிருந்தார். சொன்னபடி இடம் கொடுத்தார். வின்கி தேசியப் பட்டம் வென்று, 2000-இல் 28 வயதில் ஹைஸ்மன் வாங்கினார், அதுவரை யாரும் வாங்காத வயதில். என்எஃப்எல்லோ நான்காவது சுற்றில்தான் எடுத்தது. பிராண்டன் வீடனும் யாங்கீஸ் எடுத்து மைனர் லீக்கில் தேய்ந்தவர். ஓக்லஹோமா ஸ்டேட்டில் ஆடி 2012-இல் 28 வயதில் என்எஃப்எல் முதல் சுற்றில் போனார். இருவருக்கும் அங்கே நீண்ட காலம் அமையவில்லை.

போ ஜாக்சன், டியான் சாண்டர்ஸ் இருவரும் இரண்டையும் உச்சத்தில் ஆடினார்களே என்று கேட்பீர்கள். ஆடினார்கள். ஜாக்சன் 1986-இல் என்எஃப்எல்லின் முதல் இடத்தையே உதறிவிட்டு ராயல்ஸில் கையெழுத்திட்டு, 1989 ஆல் ஸ்டார் (நட்சத்திர வீரர்கள் ஆடும்) ஆட்டத்தின் சிறந்த வீரரானார். 1991 ஜனவரியில், பேஸ்பாலோடு சேர்த்து ஆடிவந்த ஃபுட்பாலில் இடுப்பில் கடுமையாக அடிபட்டது, பேஸ்பாலும் பாதிக்கப்பட்டது. சாண்டர்ஸ் 1988-இல் யாங்கீஸின் 30-ஆவது சுற்று ஆள். கையெழுத்திட்டு மைனர் லீக் ஆடிவிட்டு ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்குத் திரும்பிக் கடைசி சீசன் ஆடினார். வேர்ல்ட் சீரிஸ், சூப்பர் பவுல் இரண்டிலும் ஆடிய ஒரே மனிதர். இந்த இருவரை வைத்து ஒரு 18 வயதுப் பையனுக்கு யோசனை சொல்லக்கூடாது. இவர்களைப்போல இன்னொருவர் அதற்குப் பின் வரவில்லை.

இப்போது இந்த வாசல் குறுகி வருகிறது. முன்பு டிராஃப்ட் ஜூன் தொடக்கத்தில் நடக்கும். ஜூன் நடுவில் தொடங்கும் குறுகிய கால மைனர் லீக்குகள் இருந்தன. எல்வேயின் ஒனியாண்டா, வில்சனின் ட்ரை-சிட்டி, சமார்ஜா ஆடிய பாய்ஸி எல்லாம் அந்த வகை. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஃபுட்பால் பயிற்சி முகாம் ஆரம்பிக்கும் வரை ஆறேழு வாரம் கச்சிதமாக ஆடலாம். 2021 முதல் டிராஃப்ட் ஜூலைக்குப் போய்விட்டது. அந்தக் குறுகிய கால லீக்குகளும் இல்லை. கையெழுத்து போட்டு முடிப்பதற்குள் ஃபுட்பால் முகாம் வந்துவிடும். டிராஃப்டும் 40 சுற்றிலிருந்து 20 ஆகிவிட்டது. சாண்டர்ஸை எடுத்த 30-ஆவது சுற்றே இன்று கிடையாது. 2014-இல் டெட்ராய்ட் டைகர்ஸ், பின்னாளில் என்எஃப்எல் நட்சத்திரக் குவாட்டர்பேக்கான பாட்ரிக் மஹோம்ஸை 37-ஆவது சுற்றில் எடுத்துப் பார்த்ததே, அப்படிச் செலவில்லாமல் பெயரைப் பதிந்துவைக்கும் வழியும் அடைபட்டது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், பணம் எந்தப் பக்கம் முதலில் வருகிறது என்பது. 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பர வருமானம் பார்க்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் பங்கிடலாம்; 2025-26 கல்வியாண்டுக்கு அதன் வரம்பு சுமார் 2.05 கோடி டாலர். பெரிய கல்லூரிகளில் அதில் பெரும்பங்கு போவது ஃபுட்பாலுக்கு. மைனர் லீக்கின் கீழ்த்தட்டுகளில் ஒன்றான சிங்கிள்-ஏ மட்டத்தில் 2023-இல் ஏற்ற ஒப்பந்தப்படி வருடச் சம்பளமே 26,200 டாலர்தான். 18 வயதில் காசு தருவது பேஸ்பால் மட்டும் என்று இருந்த நிலை போய்விட்டது.

ஆகவே மூன்றாவது கேள்விக்கு என் பதில் ஆளைப் பொறுத்தது. பிட்சராக இருந்தால், ஃபுட்பால் சம்மதம் எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்து போடலாம். ஓரிரு வருடம் தாமதமானாலும் கை காத்திருக்கும். மட்டைக்காரராக இருந்து பேஸ்பால்தான் விருப்பம் என்றால், ஃபுட்பாலை அன்றே விட வேண்டும். டாட் ஹெல்டன் டென்னசியில், பின்னாளில் என்எஃப்எல் நட்சத்திரமான பெய்டன் மேனிங்குக்கு முன்னால் ஆடிய குவாட்டர்பேக். 1995-இல் முதல் சுற்றில் எடுக்கப்பட்டதும் ஃபுட்பாலை மறந்தார். 17 சீசன் ஒரே அணிக்கு ஆடி, பேஸ்பாலின் புகழ் மாடத்திலும் இடம் பிடித்தார். முதல் சுற்றுக் குவாட்டர்பேக் ஆகும் வாய்ப்பு நிஜமாகவே இருப்பவருக்கு, பேஸ்பால் ஒப்பந்தம் பேரம் பேச உதவும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். கையெழுத்து போடுமுன் ஒப்பந்தத்தில் தேட வேண்டிய வரி ஒன்று உண்டு: விட்டுப் போனால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும், எந்தத் தேதிக்குள் என்பது. மரேயின் விஷயத்தில் மொத்தத் தொகையைவிட அந்த வரிதான் வேலை செய்தது.

2025-இல்கூட ஒருவர் இந்த வழியில் வந்தார். மிசூரி பல்கலைக்கழகக் குவாட்டர்பேக்கும் பிட்சருமான சாம் ஹார்னை லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணி 17-ஆவது சுற்றில் எடுத்தது. கையெழுத்திட்டு, சம்மதத்தோடு மிசூரிக்குத் திரும்பினார். சீசனின் முதல் ஆட்டத்திலேயே காலில் அடிபட்டது.